அத்தியாயம் 6: சவலைக்குட்டியைக் கரையேற்றுவது

ஈத்து நல்லபடியாக முடிந்துவிட்டது. ஏழு நாய்க்குட்டிகள். ஆறு குட்டிகள் தாயின் மடியில் வரிசை கட்டிப் பால் குடிக்கின்றன. ஏழாவது, உள்ளங்கையில் பாதிகூட நிறையாதது, வரிசைக்கு வெளியே சாக்கு மடிப்பில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு கிடக்கிறது. இதைத்தான் சவலை என்கிறோம். நோஞ்சான் என்றும் சொல்வதுண்டு. "அது நிக்காதுங்க, விட்டுருங்க" என்று இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். சொன்னவர் நாலு ஈத்து பார்த்தவராகவும் இருக்கலாம். இருந்தாலும் கொஞ்சம் பொறுங்கள். பிறவிக் கோளாறு இல்லாத சவலைகளில் பல, முதல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அந்த இரண்டு வாரத்துக்குத்தான்.

ஒரு நம்பிக்கையை மட்டும் முதலிலேயே ஒதுக்கிவிடுவோம். "கடைசியாகத் தரித்த குட்டி, நாள் போதாமல் பிறந்துவிட்டது" என்பார்கள். அப்படியில்லை. ஒரே ஈத்துக் குட்டிகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே வயதுதான். வயிற்றுக்குள் இந்தக் குட்டிக்கு நஞ்சுக்கொடி வழியாகப் போதிய இரத்தம் கிடைக்கவில்லை. பெரும்பாலும் அவ்வளவுதான் விஷயம். ஆகவே இதன் உடம்பில் கொழுப்பும் சர்க்கரையும் கையிருப்பு மிகக் குறைவு. சீக்கிரம் குளிர்ந்துவிடும், சீக்கிரம் சோர்ந்துவிடும். நீங்கள் செய்யப்போகும் வேலை எல்லாம் இந்த இரண்டையும் தடுப்பதற்காகத்தான்.

கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியவை

- கிராம் காட்டும் டிஜிட்டல் சமையல் தராசு. இது இல்லாமல் தொடங்காதீர்கள்.
- மருந்துக்கடையில் விற்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர், கொஞ்சம் வாசலின். குட்டிக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.
- நாய்க்குட்டிகளுக்கான பால் பவுடர் ஒரு டப்பா. பெட் ஷாப்பில் கிடைக்கும்.
- சின்ன நிப்பிள் வைத்த குட்டிப் பால்புட்டி. ஊசியில்லாத 1 மி.லி., 5 மி.லி. சிரிஞ்சுகள்.
- குளுக்கோஸ் பவுடர், பஞ்சு, பெட்டாடின்.
- வெந்நீர்ப்பை. இல்லாவிட்டால் மூடி கசியாத பிளாஸ்டிக் பாட்டில்கள் இரண்டு.
- ஒரு நோட்டு, பேனா.
- இரவிலும் வரக்கூடிய கால்நடை மருத்துவரின் எண். ஈத்துக்கு முன்பே பேசி வைத்திருந்தால் இன்னும் நல்லது.

முதல் சோதனை: ஐந்து நிமிடம்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். ஈரக்கை குட்டியைக் குளிரவைக்கும்.

1. வாயைத் திறந்து மேலண்ணத்தைப் பாருங்கள். நடுவில் பிளவு இருந்தால் குடிக்கும் பால் மூக்கு வழியாக வரும், நுரையீரலுக்கும் போகும். அந்தக் குட்டிக்கு நீங்களாகப் பால் புகட்டக் கூடாது. மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும்.
2. வாலைத் தூக்கி மலத்துவாரம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சில குட்டிகள் அது அடைபட்டே பிறக்கும்.
3. தொப்புள் நுனியில் பெட்டாடின் தொட்டு வையுங்கள். கொடியை இழுக்காதீர்கள், தானே காய்ந்து விழும்.
4. சுண்டு விரல் நுனியை வாயில் வையுங்கள். நாக்கை மடித்து விரலைச் சப்பி இழுக்கிறதா? இழுத்தால் பாதி வெற்றி. விரல் மேல் நாக்கு சும்மா கிடந்தால், குட்டி குளிர்ந்திருக்கிறது அல்லது சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.
5. எடை போடுங்கள். எழுதுங்கள். மணியையும் சேர்த்து எழுதுங்கள்.

சூடு முதலில், பால் பிறகு

நான் கைவைத்த முதல் சவலையைக் கொன்றது நான்தான். மார்கழி மாதம், விடியற்காலை. குட்டி சில்லென்று கிடந்தது. பசியில் துவண்டுவிட்டது என்று நினைத்து, பசும்பாலை வெதுவெதுப்பாக்கி, வீட்டில் குழந்தைக்கு வைத்திருந்த பாலாடையில் ஊற்றி வாயில் விட்டேன். பாதி உள்ளே போனது, பாதி வழிந்தது. ஒரு மணி நேரத்தில் மூச்சுக் கரகரத்தது. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. சவலைக்குட்டி வளர்ப்பில் செய்யக்கூடிய மூன்று பெரிய தவறுகளை ஒரே கையோடு செய்திருந்தேன் என்று பிறகுதான் புரிந்தது: குளிர்ந்த குட்டிக்குப் பால், பசும்பால், ஊற்றிப் புகட்டியது.

குளிர்ந்த குட்டியின் குடல் வேலை செய்யாது. உள்ளே போன பால் செரிக்காமல் அப்படியே நின்று நொதிக்கும், வயிறு உப்பும். பிறந்த குட்டிக்கு முதல் வாரத்தில் உடம்புச் சூடு 95 முதல் 99 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். 94-க்குக் கீழே இருந்தால் பால் பக்கமே போகாதீர்கள். மலிவான தெர்மாமீட்டர்கள் 90-க்குக் கீழே எண்ணைக் காட்டாமல் "லோ" என்று மட்டும் காட்டும். அப்படிக் காட்டினால் நிலைமை மோசம் என்று புரிந்துகொண்டு, சூடேற்றிக்கொண்டே மருத்துவரை அழையுங்கள்.

அளப்பது எப்படி: நுனியில் வாசலின் தடவி, மலத்துவாரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவு மட்டும் மெதுவாக வையுங்கள். தடுத்தால் தள்ளாதீர்கள்.

குளிர்ந்த குட்டியைச் சூடேற்றும் வரிசை:

1. ஈரம் இருந்தால் பழைய துண்டால் ஒற்றித் துடையுங்கள்.
2. சட்டைக்குள், நெஞ்சோடு தோல் படும்படி வைத்து, மேலே ஒரு துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள். இதைவிடப் பத்திரமான ஹீட்டர் கிடையாது. உங்கள் உடம்பு குட்டியைச் சுட்டுவிடாது.
3. 50 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் குளுக்கோஸைக் கலக்கி, விரலால் தொட்டு இரண்டு மூன்று துளியை ஈறில் தடவுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். தொண்டையில் விடக் கூடாது. தடவுவதோடு சரி.
4. அவ்வப்போது புரட்டிப் படுக்கவைத்து, விரலால் முதுகை மெதுவாகத் தேய்த்துக் கொடுங்கள். தாய் நக்குவது போல.
5. அரை மணிக்கு ஒருமுறை சூடு பாருங்கள். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் படிப்படியாக ஏற வேண்டும். அவசரப்படுத்தினால் இதயம் தாங்காது.
6. 95-ஐத் தாண்டி, விரலைச் சப்பவும் தொடங்கிய பிறகு முதல் பால்.

வெந்நீரில் முக்குவது, ஹேர் டிரையரைக் கிட்டத்தில் பிடிப்பது, அடுப்படியில் போட்டு வைப்பது மூன்றும் வேண்டாம். வெளியே தோல் வெந்துபோகும். உள்ளே குளிர் அப்படியே இருக்கும்.

பெட்டி அமைப்பது

முதல் வாரத்தில் குட்டி படுக்கும் இடம் 85 முதல் 90 டிகிரி இருக்க வேண்டும். இரண்டாம் வாரம் 80-க்கு மேல் இருந்தால் போதும். ஆழமான அட்டைப்பெட்டியோ பிளாஸ்டிக் டப்போ நல்லது. வெந்நீர்ப்பையைத் துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபாதிக்கு நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். பல்பு தொங்கவிடுவதானால் 40 வாட் குண்டு பல்பு போதும்; தாய் எழுந்து நின்றாலும் இடிக்காத உயரத்தில், அறுந்து விழாதபடி கட்டுங்கள். வயரைத் தாய் கடிக்க முடியாத பக்கம் கொண்டுபோங்கள்.

கரண்ட் போய்விட்டால்: இரும்பு வாணலியில் ஒரு படி அரிசியைக் கை பொறுக்கும் சூட்டுக்கு வறுத்து, பழைய காலுறையில் போட்டு முடிச்சுப் போடுங்கள். துணி சுற்றிக் குட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் சூடு நிற்கும்.

இதெல்லாம் ஐப்பசி முதல் மாசி வரைக்குமான பேச்சு. நம் ஊர்த் தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டி இணைசேர்ந்து கார்த்திகை, மார்கழியில் குட்டி போடுவதால் குளிர்தான் முதல் எதிரி. சித்திரை, வைகாசியில் ஈத்து நடந்தால் கதை தலைகீழ். சென்னையிலோ மதுரையிலோ மத்தியானத்தில் அறையே 95-ஐத் தாண்டிவிடும். அப்போது பல்பை அணைத்துவிட்டு, மின்விசிறி நேராகப் படாத நிழலான அறைக்கு மாற்றுங்கள். குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று குவிந்து கிடந்தால் குளிர்கிறது. ஆளுக்கொரு மூலையில் கையைக் காலைப் பரப்பி, வாயைத் திறந்து கிடந்தால் புழுங்குகிறது. தெர்மாமீட்டரைவிட இது வேகமாகச் சொல்லிவிடும்.

விரிப்புக்குப் பழைய வேட்டி நல்லதுதான். ஆனால் நூல் பிரிந்த ஓரங்களை வெட்டிவிடுங்கள். பிரிந்த நூல் குட்டியின் காலில் சுற்றி இறுகி, பாதம் வீங்கிப்போன பிறகு கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

தாய்மடியில் இடம் பிடித்துக் கொடுப்பது

சூடேறிய குட்டியைத் தாயிடம் கொண்டுபோங்கள். "தாயே ஒதுக்கிவிட்டது" என்று சொல்லப்படும் குட்டிகளில் பல, உண்மையில் குளிர்ந்துபோனதால் ஒதுக்கப்பட்டவை. தாய்க்குக் குளிர்ந்த குட்டி உயிருள்ளதாகத் தெரிவதில்லை. சூடாக்கி, தாயின் பால் ஒரு துளியை முதுகில் தடவி, வாய்க்கு முன்னால் வைத்தால் நக்க ஆரம்பித்துவிடும்.

முதல் 24 மணி நேரம் சீம்பாலுக்கானது. அதிலிருந்துதான் நோய் எதிர்ப்புச் சக்தி இரத்தத்துக்குப் போகிறது. ஒரு நாள் கழிந்தால் குடலின் அந்தக் கதவு மூடிவிடும். அதுவும் முதல் எட்டு மணி நேரத்துக்குள் குடிப்பது இன்னும் மேல். டப்பாப் பால் இதற்கு ஈடாகாது. குட்டியால் காம்பைப் பிடிக்க முடியாவிட்டால், சுத்தமான விரல்களால் தாயின் காம்பிலிருந்து சில துளிகளைப் பிழிந்து, சிரிஞ்சில் எடுத்து, துளித்துளியாகக் கொடுங்கள்.

1. பின்னங்கால் பக்கக் காம்புகளில் பொதுவாகப் பால் அதிகம். பெரிய குட்டிகள் அவற்றைப் பிடித்துவைத்திருக்கும். சவலையை அங்கே வையுங்கள்.
2. காம்பை லேசாகப் பிழிந்து ஒரு துளியை வரவழைத்து, குட்டியின் உதட்டில் தடவுங்கள். வாய் திறந்ததும் காம்பை உள்ளே வையுங்கள்.
3. பெரிய இரண்டு மூன்று குட்டிகளைத் துணி விரித்த கூடையில் போட்டுக் கால் மணி நேரம் தள்ளி வையுங்கள். தாயின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான். கூடையிலும் சூடு வேண்டும்.
4. சவலை பிடியை விட்டு மற்றொன்று முட்டித் தள்ளாதபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.
5. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை இப்படிச் செய்யுங்கள்.

குடிக்கும் குட்டி முன்னங்கால்களால் மடியை மாற்றி மாற்றிப் பிசையும். நாக்கு காம்பைச் சுற்றி மடிந்திருக்கும். சும்மா வாயில் வைத்துக்கொண்டு தூங்குவதைக் குடிப்பதாக எண்ணி ஏமாறாதீர்கள். சந்தேகமாக இருந்தால் குடிப்பதற்கு முன்னும் பின்னும் எடை போடுங்கள்.

கைப்பால்

தாய்ப்பால் போதவில்லை என்று தராசு சொன்னால் மட்டும் இதற்கு வாருங்கள். குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டியதில்லை. தாய்ப்பாலுக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பதே பெரும்பாலும் போதும்.

ஏன் பசும்பால் கூடாது என்று கேட்பீர்கள். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பால்சர்க்கரை மட்டும் குறைவு. பசும்பாலைக் கொடுத்தால் வயிறு நிறையும், உடம்பு ஏறாது, பேதியும் சேரும். தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது அதைவிட மோசம். ஆட்டுப்பால் நல்லது என்பதும் இதே கதைதான். மனிதக் குழந்தைக்கான பால் பவுடரும் பொருந்தாது.

*டப்பா கிடைக்கும்வரை, ஒரே ஒரு நாளுக்கு:* காய்ச்சி ஆறிய கொழுப்பு நிறைந்த பால் 250 மி.லி., முட்டை மஞ்சள் கரு 2, சமையல் எண்ணெய் ஒரு டீஸ்பூன். நன்றாக அடித்து வடிகட்டுங்கள். வெள்ளைக்கரு வேண்டாம். இதையே வாரக்கணக்கில் தொடராதீர்கள்.

அளவு: பிறந்த குட்டியின் வயிறு ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு சுமார் 4 மி.லி. மட்டுமே கொள்ளும். 200 கிராம் குட்டிக்கு 8 மி.லி. என்பது உச்ச வரம்பு. தொடங்கும்போது அதில் பாதி. தாய்ப்பாலே இல்லாத 200 கிராம் குட்டிக்கு முதல் நாள் ஒரு வேளைக்கு 4 மி.லி., மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் சேர்த்து எட்டு வேளை. பேதி இல்லாமல் இருந்தால் மூன்றாம் நாளிலிருந்து 5 மி.லி. தாயிடமும் குடிக்கும் குட்டிக்கு இதில் பாதி போதும். பவுடரைக் கலக்கும் விகிதம் டப்பாவில் இருப்பதுதான். "கெட்டியா இருந்தா சத்து" என்று ஒரு ஸ்பூன் கூடப் போடாதீர்கள்.

புகட்டும் வரிசை:

1. பால்புட்டி, நிப்பிள், சிரிஞ்சு எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டு எடுங்கள்.
2. பாலை மணிக்கட்டின் உட்புறம் ஒரு துளி விட்டுப் பாருங்கள். சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது.
3. மடியில் துண்டு விரித்து, குட்டியைக் குப்புற வையுங்கள். தாயிடம் குடிப்பது போல வயிறு கீழே, தலை கொஞ்சம் முன்னே. கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடிக்கவே கூடாது.
4. புட்டியைக் கவிழ்த்தால் பால் சொட்ட வேண்டும், ஒழுகக் கூடாது. ஒழுகினால் நிப்பிளின் ஓட்டை பெரிது.
5. குட்டி சப்பி இழுக்கட்டும். நீங்கள் அழுத்தாதீர்கள். சிரிஞ்சானால் ஒரு துளி, விழுங்கியது தெரிந்த பிறகு அடுத்த துளி.
6. மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்திப் பிடித்துத் துடையுங்கள். அந்த வேளைக்கு அதோடு போதும். புரை ஏறிய குட்டிக்கு ஓரிரு நாளில் மூச்சு இரைத்தால் அது நிமோனியா. வீட்டில் சரிசெய்ய முடியாது.
7. முடிந்ததும் தோளில் சாய்த்து முதுகைத் தடவுங்கள். ஏப்பம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.
8. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெதுவாகத் தட்டித் தேயுங்கள். சிறுநீரும் மலமும் வரும். மூன்று வாரம்வரை குட்டிகளால் தானாகக் கழிக்க முடியாது. தாய் நக்கிவிட்டுத்தான் வரவேண்டும். தாய் இந்த வேலையைச் செய்கிறதென்றால் உங்களுக்கு மிச்சம்.

பாலாடை, சங்கு, ஸ்பூன் எதுவும் வேண்டாம். அவையெல்லாம் ஊற்றும் கருவிகள். நாய்க்குட்டி சப்பிக் குடிக்கும் பிராணி.

விரலைச் சப்பவே சப்பாத குட்டிக்குக் குழாய் வழியாகத்தான் பால் போக வேண்டும். காணொளி பார்த்துவிட்டு அதைச் செய்யாதீர்கள். குழாய் மூச்சுக்குழலுக்குள் போனால் ஒரே வேளையில் முடிந்துவிடும். மருத்துவர் செய்துகாட்ட, அவர் முன்னால் நீங்கள் ஒருமுறை செய்த பிறகுதான்.

தராசும் நோட்டும்

மனசு பொய் சொல்லும். "நேத்தைக்கு இன்னைக்குக் கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருக்கு" என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நோட்டைப் பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில், பால் குடிப்பதற்கு முன், எடை போட்டு எழுதுங்கள். முதல் மூன்று நாள் காலை, மாலை இரண்டு வேளையும்.

முதல் நாளில் பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் குறைவது பெரிய விஷயமில்லை. அதன்பின் குறையவே கூடாது. பிறந்த எடையில் 5 முதல் 10 சதவீதம் தினமும் ஏற வேண்டும். 210 கிராமில் பிறந்த குட்டி நாளுக்குப் பத்து முதல் இருபது கிராம். இரண்டு வாரத்துக்குள் எடை இரட்டிப்பாக வேண்டும்; சவலை இரண்டு மூன்று நாள் பிந்தினால் கவலையில்லை. ஒரு நாள் ஏறாமல் நின்றால் கைப்பால் வேளையைக் கூட்டுங்கள். இரண்டாம் நாளும் நின்றாலோ, எடை இறங்கினாலோ அன்றைக்கே மருத்துவர்.

கூடவே நடுத்தர எடையுள்ள இன்னொரு குட்டியையும் எடை போட்டு எழுதுங்கள். நகத்தில் நெயில் பாலிஷ் ஒரு புள்ளி வைத்தால் அடையாளம் தெரியும். அதுவும் ஏறவில்லை என்றால் குறை சவலையிடம் இல்லை, தாயின் பாலில் இருக்கிறது. மடியில் ஏதாவது ஒரு காம்பு சிவந்து, கல்போல் இறுகிச் சுடுகிறதா என்று தடவிப் பாருங்கள். பால்கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பாடு தேவை. தாய் நடுங்கி, கால் விறைத்து, தடுமாறி நடந்தால் சுண்ணாம்புச்சத்து இறங்கிவிட்டது. குட்டிகளைப் பிரித்து, தாயைத் தூக்கிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரி.

சிறுநீரின் நிறத்தையும் நோட்டில் குறியுங்கள். பிறந்த குட்டியின் சிறுநீர் கிட்டத்தட்டத் தண்ணீர் நிறத்தில் இருக்க வேண்டும். மஞ்சள் அடர்ந்தால் உடம்பில் நீர் போதவில்லை.

கைவைத்தியத்தில் தொடக்கூடாதவை

வசம்பு உரைத்து நாக்கில் தடவுவது, கிரைப் வாட்டர், ஓமத்தண்ணீர், குழந்தைக்கு வாங்கிய காய்ச்சல் சிரப்: எதுவும் வேண்டாம். பாராசிட்டமால் நாய்க்குட்டியின் ஈரலைக் கெடுக்கும். தெள்ளுப்பூச்சிக்கும் உண்ணிக்கும் மண்ணெண்ணெய், உண்ணிப் பவுடர், வேப்பெண்ணெய் தடவாதீர்கள். தெள்ளுச் சீப்பால் வாரி, சோப்புத் தண்ணீரில் போட்டுக் கொல்லுங்கள். இருநூறு கிராம் குட்டியில் பத்துத் தெள்ளு இருந்தால் இரத்தம் குறைய அதுவே போதும். ஈறு வெளுத்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும்.

குளிப்பாட்டவும் வேண்டாம். அழுக்கானால் ஈரத்துணியால் அந்த இடத்தை மட்டும் துடைத்து உடனே காயவையுங்கள்.

விடியும்வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

- வயிறு நிறைந்து, சூடாக இருந்தும் ஓயாமல் முனகுவது
- கையில் தூக்கினால் ஈரத்துணி போலத் தொங்குவது
- வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஈறு நீலம் பாய்வது
- வயிறு உப்பி, தோல் பளபளப்பது
- தண்ணீராகப் பேதி, அல்லது இரத்தம்
- தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வைப்பது

வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ராமையன்பட்டி ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் இருக்கின்றன. எங்கே போனாலும் குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போங்கள், நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். போகும் வழியில் பால் புகட்டாதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் சில குட்டிகள் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ போய்விடும். உள்ளே இதயத்திலோ ஈரலிலோ இருக்கும் குறை வெளியே தெரியாது. அப்படியானால் மற்ற குட்டிகளின் எடையை அன்றைக்கே பாருங்கள். இரண்டாவது ஒன்று துவண்டால் அது தொற்றாக இருக்கலாம்.

இரண்டாம் வாரத்திலிருந்து

கண் பத்திலிருந்து பதினான்கு நாளில் திறக்கும். சவலைக்கு ஓரிரு நாள் பிந்தலாம்; இமையை விரலால் பிரிக்காதீர்கள். மூடிய இமைக்குள் வீக்கமோ சீழோ தெரிந்தால் மட்டும் மருத்துவர்.

பூச்சி மருந்து இரண்டாம் வாரம் முடியும்போது தொடங்கி, எட்டு வாரம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. உருண்டைப்புழு வயிற்றில் இருக்கும்போதே தாயிடமிருந்து வந்துவிடுகிறது. கொக்கிப்புழு பால் வழியாக வரும். "சின்னக்குட்டி, தாங்காது" என்று சவலைக்கு மட்டும் தள்ளிப்போடுவது தவறு. இரத்தம் குறைந்தால் முதலில் சாய்வது அதுதான். அளவு மட்டும் அன்றைய எடைக்கு மருத்துவர் சொன்னபடி. அண்ணன் தம்பிகளுக்குக் கொடுத்த அளவு இதற்கு ஆகாது. குட்டிகளின் கழிவை அள்ளியபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இந்த உருண்டைப்புழு வீட்டுக் குழந்தைகளையும் பிடிக்கும்.

நான்காம் வாரம் திட உணவு. குட்டிப்பாலில் ஊறவைத்துக் கூழாக்கிய பப்பி ஃபுட், அல்லது குழைந்த சோற்றோடு அவித்து மசித்த முட்டை, எலும்பில்லாத கோழி. வெறும் பால்சோறும் கேழ்வரகுக் கூழும் வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. குழம்புச் சோறு வேண்டாம்; அதிலுள்ள வெங்காயம் நாயின் இரத்த அணுக்களை அழிக்கும். சவலைக்குத் தனித்தட்டு, தனி மூலை, சிறுசிறு அளவாக ஐந்து வேளை. சாப்பிட்டதும் மற்ற குட்டிகளோடு விட்டுவிடுங்கள். பாவம் என்று எந்நேரமும் மடியில் வைத்திருந்தால், கடித்தால் வலிக்கும் என்பதையே கற்காத நாயாக வளரும். அந்தப் பாடத்தை உடன்பிறந்தவைதான் நடத்த வேண்டும்.

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில். பார்வோ நம் ஊரில் எங்கும் இருக்கிறது. "சின்னதுதானே, பாதி ஊசி போடுங்க" என்று கேட்காதீர்கள். பூச்சி மருந்துக்குத்தான் எடைக் கணக்கு. தடுப்பூசி எல்லாக் குட்டிக்கும் ஒரே அளவு. உடம்பு தேறியிருக்கிறதா என்பதை மட்டும் மருத்துவர் பார்த்துச் சொல்வார். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம்வரை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றாம் மாதம்.

தெருவில் கிடைத்த சவலை என்றால்

தாய் இரை தேடப் போயிருக்கலாம். குட்டிகள் சூடாக, சத்தமில்லாமல் படுத்திருந்தால் தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். ஒன்று மட்டும் தனியே குளிர்ந்து கிடந்தால் எடுத்துச் சூடேற்றி, தாய் வந்ததும் திரும்ப வையுங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது நாய்களிடம் பெரும்பாலும் எடுபடாத பேச்சு. தாய் கடித்தாலோ, குட்டியின் பல் உங்கள் கையில் பதிந்தாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். குட்டிதானே என்று விடாதீர்கள்.

கைமாற்றுவதற்கு முன்

எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. சும்மா கொடுப்பதானாலும் சவலையை இன்னும் இரண்டு மூன்று வாரம் வைத்திருந்து கொடுங்கள். அதற்குள் மருத்துவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் இருக்கிறதா, தொப்புளில் குடலிறக்கம் இருக்கிறதா, ஆண்குட்டியானால் விரைகள் இறங்கிவிட்டனவா. ராஜபாளையம் போன்ற வெள்ளை நாயானால், குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து கைதட்டி, காது கேட்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். அந்த வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குச் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வருகிறது.

வாங்கிக்கொள்பவர் "இது பெரிசா வளருமா?" என்று கேட்பார். பல சவலைகள் ஓராண்டுக்குள் மற்றவற்றை எட்டிப் பிடித்துவிடும், சில கொஞ்சம் குட்டையாகவே நின்றுவிடும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். குட்டியோடு நோட்டையும் கொடுத்தனுப்புங்கள். பூச்சி மருந்து கொடுத்த தேதிகளும் ஊசி போட்ட தேதிகளும் அதில்தான் இருக்கின்றன.